சிவப்பு எரிந்தால் கையை எடு

1. முதல் நாள்

“எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எங்கே இருக்கு?”

அந்தக் கம்பெனியில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டுவிட்டு ஒரு மாதம் கேலிக்கு ஆளானேன்.

அதற்கு முன் எட்டு வருடம் ஒரகடத்தில் ஒரு பேனல் கம்பெனியில் இருந்தேன். தொழிற்சாலை மெஷின்களில் ஆப்பரேட்டர் முன்னால் ஒரு தொடுதிரை இருக்கும் இல்லையா, அதை வரைகிற வேலை. பம்ப், வால்வு, கன்வேயர் என்று வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்த சமயத்தில், 2012-ல், பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் திரை வரைய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கீழே சுருதிப் பெட்டி தயாரிக்கிற சின்ன யூனிட். மாடியில் நாலு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர். முதலாளி தேவராஜன் சார் சுருதிப் பெட்டியில் கண்ட லாபத்தையெல்லாம் அந்த மாடியில் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்ய நினைத்தது சாஃப்ட்வேர் சிந்தசைசர். கீபோர்டை ஒயர் போட்டு லேப்டாப்பில் மாட்டிவிட்டால், விரல் கட்டையை அழுத்தும்போது ஓசையை உண்டாக்குவது லேப்டாப்புக்குள் இருக்கிற புரோகிராம். அதிலும் நம் ஊர் நாதஸ்வரத்தை மூச்சும் சீவாளியுமாகக் கணக்குப் போட்டு ஊத வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஊத வைத்தவன் கென்னடி. தூத்துக்குடிப் பையன், கணக்கில் புலி, சாப்பாட்டு நேரத்தை மட்டும் மறந்துவிடுவான். திரையையும் அவனே வரைந்து வைத்திருந்தான். திறந்து பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரே திரையில் நூற்றுப் பன்னிரண்டு நாப், ஓசையைத் திருகி மாற்றுகிற குமிழ்கள். இரண்டு பக்கமும் தேக்குமரச் சட்டம் போலப் படம், நாலு மூலையிலும் திருகாணித் தலை. அந்தத் திருகாணி எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றான். ஆபத்து வந்தால் நிறுத்துவது எதுவென்று தேடிப் பார்த்து, கிடைக்காமல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“எட்டு வருசம் மெஷினோட குடும்பம் நடத்துனா இப்படித்தாம்க்கா கேக்கத் தோணும்” என்று சொல்லிச் சிரித்தான்.

ஒவ்வொரு நாப்பும் அவன் பெற்ற பிள்ளை மாதிரி. எதை உள்ளே தள்ளலாம் என்று கேட்டாலும் முகம் தொங்கிப்போகும். சண்டை போட்டு, டீ குடித்து, மறுபடி சண்டை போட்டு, மூன்று மாதத்தில் முன்பக்கத்தை இருபது நாப்புக்குக் கொண்டுவந்தேன். மரச்சட்டத்தைக் கழற்றினேன். பேனல் கம்பெனியில் கற்றதை அப்படியே கொண்டுவந்து இறக்கினேன். பின்னணி சாம்பல் நிறம், தேவையில்லாத இடத்தில் வண்ணம் கிடையாது, ஆபத்து வந்தால் மட்டும் சிவப்பு.

சிந்தசைசரில் ஆபத்து என்றால் ஒலி அளவுக்கு மீறிப்போய்க் கரகரவென்று உடைவது. அதற்குக் கென்னடி மூலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று வைத்திருந்தான். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நாலு சாஃப்ட்வேரைத் திறந்து காட்டவும் செய்தான். பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு இது தெரியுமா என்று மட்டம்தட்டினேன். என் திரையில் ஒலி உடைந்தால் முழுத்திரையும் சிவப்பாகி விட்டு விட்டு எரியும். தேவராஜன் சார் பார்த்துவிட்டு, இதுதான் பிரபஷனல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. ஏழுமலை

எங்கள் முதல் வாடிக்கையாளர் மண்ணூர் ஏழுமலை. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆப்பரேட்டர். தகட்டை டை என்கிற அச்சில் வைத்து, கையை எடுத்து, அழுத்தி, வளைந்து வந்த பாகத்தை எடுத்துப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாபு அண்ணன் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். பாபு அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் மைக்செட் கடை. சுற்றுவட்டார ரிசப்ஷன், கோயில் விசேஷம் எல்லாம் அவர் குழுதான்.

பழுதான கீபோர்டைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு வந்தவரை தேவராஜன் சார் மாடிக்கு அழைத்துவந்தார். கென்னடியின் நாதஸ்வரத்தைக் கேட்டதும் ஏழுமலை சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என் கீபோர்டுல கீற நாதஸ்வரம் லாரி ஹாரன் மாரி இருக்கும் மேடம். இது இன்னா இப்படி அழுவுது” என்றார்.

அதிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேராக எங்களிடம் வந்துவிடுவார். யூனிபாரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், விரல்கள் மட்டும் சுத்தமாக இருக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. நாப்புகளுக்கு அவர் சொல்கிற பெயர்களை எழுதிவைத்துக்கொள்வேன். ஓசையை வடிகட்டுகிற ஃபில்டரை மூடினால் போர்வைக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்பார். திறந்தால் முழிப்பு வந்துவிட்டது என்பார். தொழிற்சாலையில் தனக்கு ஒரு நம்பர்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊரில் நாலு பேர் கீபோர்டு ஏழுமலை என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். அந்த இடம் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

3. ஆயுத பூஜை

முதல் மேடை அவருடைய தொழிற்சாலையிலேயே அமைந்தது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பிரஸ்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஸ்டோர்ஸ் ஓரம் மேடை. பாபு அண்ணன் குழுவின் கச்சேரி. நானும் கென்னடியும் பொரிகடலைப் பொட்டலத்தோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஏழுமலையின் மனைவி செல்வி, மடியில் பெண் குழந்தை.

மங்கல இசையில் ஆரம்பித்தார்கள். எலக்ட்ரானிக் தாளக் கருவியான பேட்ஸ் வாசிக்கிறவர் தவில் ஒலியை எடுத்துவிட, ஏழுமலையின் நாதஸ்வரம் மேலே ஏறியது. கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. கென்னடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் ஏழுமலை இரண்டு கையாலும் கட்டைகளை அழுத்தி, ஒலியையும் கொஞ்சம் கூட்டினார். அந்த நொடி என் திரை முழுக்கச் சிவப்பானது.

ஏழுமலையின் இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழும்பி அங்கேயே நின்றன.

நாதஸ்வரம் பட்டென்று அறுந்தது. தவில் இரண்டு தட்டு தனியாகப் போய் நின்றது. பாபு அண்ணன் மைக் முன்னால் வாயைத் திறந்தபடி இருந்தார். பின்வரிசையிலிருந்து விசில் வந்தது, பிறகு சிரிப்பு. ஏழுமலை தன் கைகளையே யாருடையதோ போலப் பார்த்துவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் சட்டைப் பட்டனைச் சரிசெய்தாள்.

கச்சேரி முடிந்து இறங்கியதும் பாபு அண்ணன் சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிறு ரிசப்ஷனுக்கு வர வேண்டாம், சென்னையிலிருந்து வேறு ஆளுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

4. மூன்று ஜோடிக் கைகள்

சாஃப்ட்வேர் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திங்கட்கிழமை காலை எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்கிற பதிவுகளைக் கென்னடி திறந்து பார்த்தான். நிற்கவே இல்லை. இரண்டு கையும் ஒரே கணத்தில் கட்டையை விட்டு எழுந்ததாகத்தான் இருந்தது. தேவராஜன் சாருக்கு உயிர் வந்தது. தப்பு வாசித்தவருடையது, நம் சரக்கில் குறை இல்லை, பாபுவிடம் இதைச் சொல்லிவிடலாம் என்றார். அவரையும் குறைசொல்ல முடியாது. பாபு அண்ணன் சொன்னால் இன்னும் பல குழுக்கள் வாங்கும் என்று அவர் காத்திருந்தார். ஆனால் அப்படிச் சொன்னால் ஏழுமலையின் கதை அதோடு முடிந்தது.

மத்தியானம் ஏழுமலையே வந்தார். ஏன் கையை எடுத்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்றார். கூட வேலை செய்கிறவர் செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். பார்த்தோம். லேப்டாப் வைத்திருந்த மேசையின் மேல் கை ஊன்றிக்கொண்டு அவரோடு பிரஸ் லைனில் வேலை செய்கிற இரண்டு பேர் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். திரை சிவப்பாகிறது. ஏழுமலையின் கைகள் எழும்புகின்றன. அதே கணத்தில் அந்த இரண்டு பேரும் மேசையிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள்.

நான் வீடியோவை நிறுத்திவிட்டு, பிரஸ்ஸில் சிவப்பு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“ரெண்டு கையும் வெளிய மேடம். சேந்தப்போ மூணு நாளு மெஷின தொடவே வுடல. செவப்பு, கை மேல. செவப்பு, கை மேல. அத்தையே சொல்லிக்கினு இருந்தாங்க.”

அந்தச் சிவப்பு என்னுடையது. பத்தடி தள்ளித் தெரிய வேண்டும் என்று நான் பெருமையாக வைத்தது. எட்டு வருடம் இதே மாதிரி ஆட்களின் கையை நிறுத்துவதற்காகத் திரை வரைந்தவள் நான். அதே திரையை அதே ஆளின் முன்னால் மேடையில் வைத்திருக்கிறேன்.

பாபு அண்ணனிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். தேவராஜன் சார், “போய்ட்டு வாம்மா. ஆர்டர் போனா போவுது” என்றார்.

பாபு அண்ணன் வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

“அப்போ தப்பு உன்னுதா மேடம்?”

“என்னுதுதாங்க.”

“இத்த வந்து சொல்றதுக்கு ஒரு ஆளு கீதே” என்று சொல்லிவிட்டு, இந்த ஞாயிறு ரிசப்ஷனை ஏழுமலையே வாசிக்கட்டும், இன்னொரு தடவை கை எழும்பினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

5. பயிற்சி

இனி நான் எழுதப்போவதுதான் என் உண்மையான தவறு. முதலாவது, தெரியாமல் செய்தது. இது தெரிந்திருக்க வேண்டியது.

திரையை மாற்றி, சோதித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுப்பது கஷ்டம் என்று கென்னடியும் நானும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். ஏழுமலை ஒரு வழி சொன்னார். திரை அப்படியே இருக்கட்டும், சிவப்பு எரிந்தாலும் கையை எடுக்காமல் வாசித்துப் பழகிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் சிவப்பும் பிழைத்தது, வேலையும் மிச்சம். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். கென்னடி ஒரு மணி நேரத்தில் பயிற்சிக்கென்று ஒரு புரோகிராம் எழுதினான். வாசித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் திரை சிவப்பாகும். கை நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சிவப்புக்கும் கை துள்ளியது. புதன்கிழமை பாதிக்குப் பாதி. நானும் கென்னடியும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை இருபது தடவை சிவப்பு எரிந்தது. ஒரு தடவைகூடக் கை அசையவில்லை. நாங்கள் கைதட்டினோம். தேவராஜன் சார் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார்.

ஏழுமலை வாயில் பஜ்ஜியோடு, முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னார்: “இப்போ செவப்பு எரிஞ்சா எனக்கு ஒண்ணுமே தோணல மேடம்.”

நான் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டேன். அன்று காலையும் அவர் பிரஸ்ஸின் முன்னால் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போய் நிற்பார். டைக்குள் தகட்டை வைக்கப் போகிற அந்தக் கையிடம், சிவப்பு எரிந்தால் ஒன்றுமில்லை என்று மூன்று நாளாக நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மார்க் போட்டு, கைதட்டி, பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு இதைச் சொன்னேன். கென்னடி எழுந்துபோய் வெள்ளைப் பலகையை அழித்தான். ஏழுமலை மட்டும் சமாதானம் சொல்லப் பார்த்தார். அங்கே பிரஸ் வேறு, இங்கே பாட்டு வேறு, கைக்குத் தெரியும் என்றார்.

“மேடையில கைக்குத் தெரியலையே ஏழுமலை. பிரஸ்ல மட்டும் தெரியும்னு நான் எப்படி நம்புறது?”

நாளையும் நாளை மறுநாளும் லீவு போடச் சொன்னேன். பூஜை முடிந்த கையோடு லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன நினைப்பார் என்று தயங்கினார். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் செல்விக்கே போன் போட்டேன். “நாளைக்கு அவரு போவமாட்டாரு மேடம்” என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

6. மண்ணூரில் இரண்டு நாள்

வெள்ளியும் சனியும் மண்ணூரில் ஏழுமலை வீட்டிலேயே லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தோம். முதல் வேலையாகச் சிவப்பை வேரோடு எடுத்தேன். அப்போது ஒலி உடைந்தால் எப்படித் தெரியப்படுத்துவது என்று கேட்டேன். கென்னடி யோசித்துவிட்டுச் சொன்னது இன்றும் எனக்குப் பாடம்.

“அவருட்ட எதுக்குக்கா சொல்லணும்? வாசிக்கிற ஆளு வந்து சரி பண்ணவா போறாரு? சத்தம் மீறுனா உள்ளுக்குள்ளயே நான் அடக்கிப் போடுதேன்.”

தொழிற்சாலையில் அலாரம் அடித்தால் மனிதன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்க்கலாம். மேடையில் பாட்டை நிறுத்திவிட்டு யாராலும் வர முடியாது. இவ்வளவு சின்ன வித்தியாசம் அதுவரை என் மண்டையில் ஏறவில்லை. அவர் வாசிக்கும்போது எதைத் தொடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நாப்பில் ஐந்தைத்தான் தொட்டார். மீதிப் பதினைந்தையும் பின்பக்கத்துக்கு அனுப்பினோம். கென்னடி பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். செல்வி அவனுக்கு இரண்டாவது தட்டு இட்லி வைத்தாள்.

திரை வேலை ஒரு பக்கம் நடக்க, கைக்கு மறுபயிற்சியும் நடந்தது. கென்னடி பழைய பயிற்சிப் புரோகிராமைத் திருப்பிப் போட்டான். இப்போது கீபோர்டு இல்லை. வெறும் மேசை, அதன் மேல் டைக்குப் பதிலாக ஒரு தட்டு. சிவப்பு எரிந்தால் இரண்டு கையும் வெளியே வந்தாக வேண்டும். சாயங்காலம் நான் கிளம்பிய பிறகும் செல்வியே உட்கார்ந்து நடத்தியிருக்கிறாள். எங்கள் யாரையும்விட அவள் கண்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்று, அழகாக இறங்கியது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நான் உயிரைக் கொடுத்து வரைந்த திரையை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஒரு கணம் சுருக்கென்றுதான் இருந்தது. பாபு அண்ணன் மேடையிலிருந்தபடியே, அடுத்த வாரம் வல்லக்கோட்டையில் கச்சேரி, ஐந்து மணிக்கு வந்துவிடு என்று அவரிடம் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. இருவரும் மறுநாளை நினைத்துக்கொண்டிருந்தோம்.

7. திங்கட்கிழமை

காலை ஆறு மணியிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லி, முதல் நாள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள் என்று ஏழுமலையிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சொன்னாரா என்று தெரியாது. உள்ளே போன் கொண்டுபோக முடியாது. கென்னடி அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. தேவராஜன் சார் கீழே சுருதிப் பெட்டிக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கு போன் வந்தது. பஸ் சத்தத்துக்கு நடுவே ஏழுமலை பேசினார்.

“பதினோரு மணிக்கு தகடு மாட்டிகினு செவப்பு எரிஞ்சிச்சி மேடம். சூப்பர்வைசர் பக்கத்துலதான் நின்னாரு. எனக்கு முன்னாடி கை வெளிய வந்துகீது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும் மேடம்.”

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கென்னடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அதன் பிறகு எத்தனையோ திரைகள் வரைந்துவிட்டேன். இப்போது என்னிடம் வேலை பழக வருகிறவர்கள் வண்ணம், எழுத்து, நாப்பின் அளவு என்று கேட்பார்கள். எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் முதல் நாள் அவர்களைக் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. இந்தத் திரையைப் பயன்படுத்தப் போகிற ஆள், இதைவிட்டு எழுந்துபோனதும் எதன் முன்னால் போய் நிற்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிடுகிறேன். நாம் அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுப்பதை அது அங்கேயும் கொண்டுபோகும்.